ஆற்றுக்கு உடம்பு சரியில்லை... மீன் சொல்லும் சேதியைக் கேட்கிறோமா?

மேட்டூருக்கோ ஒகேனக்கல்லுக்கோ குடும்பத்தோடு போய்விட்டு, மீன் வறுவல் சாப்பிடாமல் திரும்பியவர்கள் நம்மில் மிகக் குறைவு. மிளகாய்த்தூள் பூசிய கெண்டையும் கட்லாவும் கடைவாசலில் வரிசையாகக் கிடக்கும். நாம் கை நீட்டிய மீன் அடுத்த நிமிடம் எண்ணெயில் பொரியும். 'ஆத்து மீனு, அணையில பிடிச்சது' என்ற ஒரு வார்த்தை போதும். கடல் மீனை ஆயிரம் கேள்வி கேட்டு வாங்குகிறவர்கள்கூட இங்கே கேள்வியே கேட்பதில்லை.

இதே காவிரியில், மேட்டூருக்கு மேலே மைசூரு பக்கம் இருக்கிறது கிருஷ்ணராஜ சாகர் அணை. அங்கேயும் அணை நீர்த்தேக்கத்தின் கரையில் மீன் வறுவல் பிரசித்தம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் உயிரியல் பேராசிரியர் உபேந்திர நோங்தொம்பாவும் அந்த வறுவலின் ரசிகர்தான். பல வருடங்களாக அங்கே போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு, கொஞ்ச காலமாக ஒரு விஷயம் உறுத்தியது. சில மீன்களின் உடல் அமைப்பு சரியாக இல்லை. தண்ணீரில் ஏதாவது கோளாறா?

நாமாக இருந்தால், 'இது வேண்டாம், வேற மீன் குடுங்க' என்று சொல்லியிருப்போம். அவர் அந்தக் கேள்வியைத் தன் ஆய்வகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்.

ஆய்வகத்தில் பேசிய காவிரி

அவருடைய குழுவினர் அணைப் பகுதியில் மூன்று இடங்களில் தண்ணீர் எடுத்தார்கள். வேகமாக ஓடும் இடம், மெதுவாக ஓடும் இடம், தேங்கி நிற்கும் இடம். அந்தத் தண்ணீரில் 'ஜீப்ரா ஃபிஷ்' என்ற வரி மீனின் கருக்களை வளர்த்துப் பார்த்தார்கள். விரல்நீளம்கூட இல்லாத இந்த மீன், உலகமெங்கும் ஆய்வகங்களின் செல்லப்பிள்ளை. அதன் முட்டை கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே குஞ்சு உருவாவதையும் இதயம் துடிப்பதையும் நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்கலாம்.

வேகமாக ஓடிய தண்ணீரில் வளர்ந்த கருக்களுக்குப் பெரிய பிரச்னை இல்லை. மெதுவாக ஓடிய தண்ணீரிலும் தேங்கிய தண்ணீரிலும் வளர்ந்தவற்றுக்கு எலும்பு கோணியது, மரபணுவில் சேதம் ஏற்பட்டது, இதயம் பாதித்தது. நிறைய கருக்கள் செத்தும் போயின. 'கிருமிகளின் வேலையாக இருக்குமோ?' என்று கிருமிகளை வடிகட்டிவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் பாதிப்பு நிற்கவில்லை. மேலும் துழாவியபோது, தண்ணீரில் மைக்ரோபிளாஸ்டிக் துகள்களும் சில ரசாயனக் கூறுகளும் இருப்பது தெரிந்தது. 2022-ல் இந்த ஆய்வு வெளியானது.

மனிதர்கள் உடனே பதற வேண்டிய அளவு இது இல்லை, ஆனால் நீண்ட கால விளைவை ஒதுக்கிவிட முடியாது என்பதுதான் அந்தக் குழுவின் நிதானமான கருத்து. அந்தத் தண்ணீரை நாம் வருடத்துக்கு ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறோம். மீன் அதிலேயே பிறந்து, அதிலேயே மூச்சுவிட்டு, அதிலேயே பிள்ளை பெறுகிறது. ஆற்றுக்கு ஒன்று என்றால் முதலில் படுப்பது மீன்தான்.

மீனின் மூச்சுக் கணக்கு

மீனுக்கும் மூச்சுக்காற்று ஆக்ஸிஜன்தான். ஆனால் அதன் பாடு நம்மைவிடப் பெரும்பாடு. ஒரு லிட்டர் காற்றில் 250 மில்லிகிராமுக்கு மேல் ஆக்ஸிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் நல்ல ஆற்றுநீரில், நம்மூர் வெயிலில், கரைந்திருப்பது ஏழு எட்டு மில்லிகிராம்தான். தண்ணீர் சூடாகச் சூடாக அதுவும் குறையும். 20 டிகிரியில் சுமார் 9 மில்லிகிராம் கரையும் இடத்தில், 30 டிகிரியில் ஏழரைதான் கரையும். கோடையில் மீனுக்கு ஆக்ஸிஜன் தேவை கூடுகிறது, வரவு குறைகிறது. மாதக் கடைசியில் விருந்தாளி வந்த வீடு மாதிரி!

இந்தச் சொற்ப ஆக்ஸிஜனை உறிஞ்சி எடுப்பதற்காகத்தான் மீனுக்குச் செவுள். நாம் மீன் ஆயும்போது கிள்ளி எறிகிறோமே, அந்தச் சிவப்புச் சீப்புதான் அதன் நுரையீரல். மெல்லிய தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுகிறது, வெளியே தண்ணீர் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே மயிரிழைகூடத் தடிமன் இல்லை. அதனால்தான் ஆக்ஸிஜன் சுலபமாக உள்ளே போகிறது. அதே காரணத்தால் விஷமும் சுலபமாக உள்ளே போகிறது.

லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் ஆக்ஸிஜன் இருந்தால் பெரும்பாலான ஆற்று மீன்கள் நிம்மதியாக இருக்கும். மூன்றுக்குக் கீழே போனால் திணறும், இரை எடுக்காது, நோய் சுலபமாகத் தொற்றும். இரண்டுக்கும் கீழே இறங்கி அப்படியே சில மணி நேரம் நீடித்தால் பல மீன்கள் செத்துவிடும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆற்றுநீரைப் பயன்பாட்டுக்கு ஏற்ப 'ஏ' முதல் 'இ' வரை ஐந்து தரங்களாகப் பிரித்திருக்கிறது. மனிதர்கள் இறங்கிக் குளிக்கும் 'பி' தரத்துக்கு ஆக்ஸிஜன் குறைந்தது 5 மில்லிகிராம் இருக்க வேண்டும். மீன் வளர்ப்புக்கும் வன உயிர்களுக்குமான 'டி' தரத்துக்கு 4 இருந்தால் போதும். மீனுக்கு நாம் கேட்பதே குறைவுதான். அதையும் பல இடங்களில் கொடுக்க முடியவில்லை.

சாக்கடை எப்படி மீனைக் கொல்கிறது?

ஊர்ச் சாக்கடையில் விஷமா கலந்திருக்கிறது? சமையலறைக் கழிவும் குளியலறைத் தண்ணீரும் மலமும்தானே, மீன் தின்றுவிடாதா என்று சிலர் கேட்பார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கழிவைத் தின்ன பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் பெருகும். அவையும் மூச்சுவிட வேண்டுமே! தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனை அவை காலி செய்துவிடும். மீனுக்கு மிஞ்சாது.

கழிவைச் செரிக்க எவ்வளவு ஆக்ஸிஜன் தேவை என்று அளப்பதைத்தான் 'பி.ஓ.டி.' என்கிறார்கள். குளிக்கத் தகுந்த ஆற்றில் இது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சுத்திகரிக்காத வீட்டுச் சாக்கடையில் இது 200-க்கு மேல்கூட இருக்கும். ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடினால் இது கரைந்து தேய்ந்துவிடும். தண்ணீர் வற்றி, சாக்கடை மட்டும் ஓடினால்? அந்த ஆறு ஆறாகவே இருக்காது.

அடுத்தது அம்மோனியா. மீன் தன் உடலின் கழிவை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியே தள்ளுகிறது. வெளியிலேயே அம்மோனியா நிறைந்திருந்தால் எங்கே தள்ளும்? ரத்தத்திலேயே தங்கிவிடும். செவுள் வீங்கும், மீன் துவளும். தண்ணீரில் காரத்தன்மையும் சூடும் கூடும்போது இந்த அம்மோனியா இன்னும் கொடிய வடிவத்துக்கு மாறுகிறது. காலையில் தாங்கிக்கொண்ட மீன், பச்சைப்பாசி மண்டிய குளத்தில் மத்தியான வெயிலில் துடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விடியற்காலை மர்மம்

'ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. காலையில பார்த்தா அத்தனையும் செத்து மிதக்குது. யாரோ விஷம் வெச்சுட்டாங்க!' ஏரிகளிலும் ஆற்று மடுக்களிலும் மீன்கள் செத்து மிதக்கும் பல சமயங்களில் இப்படித்தான் பேச்சு எழும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பல நேரங்களில் திருடன் வேறு.

சாக்கடையிலும் உரத்திலும் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்குச் சத்துணவு. தண்ணீர் பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் ஆகிவிடும். பகலில் பாசி வெயிலில் ஆக்ஸிஜனை வெளியிடும். இரவில் அதே பாசி ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். மீனும் பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்து இரவெல்லாம் மூச்சுவிட, இருப்பு குறைந்துகொண்டே போய், விடிவதற்குச் சற்று முன்பு அடிமட்டத்தைத் தொடும். அந்த நேரத்தில்தான் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதன் பிறகு மிதக்கும்.

இதில் ஒரு சூட்சுமம். புகார் போய், அதிகாரிகள் வந்து, மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் எடுத்தால், பாசி மறுபடி வேலை செய்து ஆக்ஸிஜனை ஏற்றியிருக்கும். 'ஆக்ஸிஜன் அளவு நன்றாகவே இருக்கிறது' என்று அறிக்கை வரலாம். யாரும் பொய் சொல்லவில்லை. கடிகாரம்தான் ஏமாற்றிவிட்டது.

கோடை முடிந்து வரும் முதல் மழையும் ஆபத்தானது. சாலை, வாய்க்கால், குப்பைமேடு எல்லாவற்றிலும் மாதக்கணக்கில் சேர்ந்ததை அது ஒரே மூச்சில் ஆற்றுக்குள் அடித்துக்கொண்டு வரும். அடியில் கிடந்த கறுப்புச் சேற்றையும் கிளறிவிடும். மழை வந்ததே என்று நாம் மகிழ்கிற அன்றுதான் மீனுக்கு ஆபத்து.

காவிரியில் கலப்பது என்ன?

காவிரியையே ஒரு முறை மேலிருந்து கீழே பார்ப்போம். பெங்களூரு குடிப்பது காவிரி நீர். அந்த நகரின் கழிவில் ஒரு பகுதி விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் சேர்ந்து, மேகதாட்டுக்கு அருகே சங்கமா என்ற இடத்தில் காவிரிக்கே திரும்பி வருகிறது. அதன் பிறகுதான் ஒகேனக்கல், மேட்டூர். வறுவலுக்குப் பேர்போன நம்முடைய மேட்டூர் மீன் இதற்குக் கீழேதான் வளர்கிறது.

மேட்டூருக்குக் கீழே பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், ஈரோடு. சாயமும் தோலும் ஜவுளியும் சோறு போடும் ஊர்கள். இன்னும் கீழே நொய்யல் வந்து சேர்கிறது. அதன் கரையில் திருப்பூர். பிறகு அமராவதி. அதன் கரையில் கரூர். இந்த ஊர்கள் லட்சக்கணக்கான குடும்பங்களை வாழவைக்கின்றன, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நொய்யல் கொடுத்த விலையை மறந்துவிடக் கூடாது.

1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது ஒரத்துப்பாளையம் அணை. கொஞ்ச வருடங்களிலேயே அது சாயக்கழிவு தேங்கும் தொட்டியாக மாறியது. அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே போராடிய விசித்திரம் நடந்தது. வழக்கு நீதிமன்றங்களில் நடந்து, ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியேறக் கூடாது என்ற நிபந்தனை வந்தது. அது நிறைவேறாததால் 2011-ல் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறையோடு அவை படிப்படியாக இயங்கத் தொடங்கின.

சாயக்கழிவு என்றதும் நமக்கு நிறம்தான் கண்ணில் படும். மீனுக்கு அதைவிடப் பெரிய எதிரி உப்பு. துணியில் சாயம் பிடிக்க உப்பு நிறைய வேண்டும். நன்னீர் மீனின் உடலில் இருக்கும் உப்பு, அது வாழும் தண்ணீரைவிட அதிகம். அதனால் தண்ணீர் தானாக உடலுக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். மீன் அதைச் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே, வேண்டிய உப்பைச் செவுள் வழியே பிடித்து வைக்கும். இந்த ஏற்பாடு நல்ல தண்ணீருக்காக அமைந்தது. சுற்றிலும் உப்பு ஏறினால் கணக்கு குழம்பிவிடும். பெரிய மீன் எப்படியாவது சமாளிக்கலாம். முட்டையும் குஞ்சும் சமாளிக்காது.

மாத்திரை தின்னும் மீன்

சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் லிஜி ஃபிலிப் தலைமையிலான குழு, காவிரி நீரை இரண்டு ஆண்டுகள் கண்காணித்து 2021-ல் முடிவை வெளியிட்டது. அதில் கிடைத்தவற்றைப் படித்தால் மருந்துக்கடைப் பட்டியல் மாதிரி இருக்கும். வலி நிவாரணிகளான ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ரத்த அழுத்தத்துக்கான அடெனலால், நுண்ணுயிர்க்கொல்லியான சிப்ரோஃப்ளாக்சசின், நரம்புக் கோளாறுகளுக்கான கார்பமாசெபைன், கூடவே காபியில் இருக்கும் கஃபைன். ஆர்செனிக், குரோமியம், ஈயம் போன்ற உலோகங்களும் இருந்தன.

நாம் விழுங்கும் மாத்திரை முழுவதும் உடலிலேயே கரைந்துவிடுவதில்லை. ஒரு பங்கு கழிவறை வழியாக ஆற்றுக்குப் போகிறது. தேதி முடிந்தது என்று கழிவறையில் கொட்டும் மாத்திரை முழுசாகவே போகிறது. அளவு மிகச் சிறியதுதான். ஆனால் மருந்து என்பதே சிறிய அளவில் வேலை செய்வதற்காக உருவானது ஆயிற்றே!

இதற்குக் கனடாவில் ஒரு சோதனை உண்டு. ஒன்டாரியோ மாநிலத்தில் ஆய்வுக்காகவே ஒதுக்கிய ஏரிகளில் ஒன்றில், கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஹார்மோனை 2001 முதல் மூன்று ஆண்டுகள் கலந்தார்கள். லிட்டருக்கு வெறும் 5, 6 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோகிராம். அந்த ஏரியின் சின்ன மீன்களில் ஆண்கள், முட்டைக்கான புரதத்தைச் சுரக்க ஆரம்பித்தன. குஞ்சு பொரிப்பது நின்றது. கொஞ்ச வருடங்களில் அந்த இனம் ஏரியில் ஏறக்குறைய இல்லாமலே போனது. ஒரு மீன்கூடச் செத்து மிதந்து ஊரைக் கூட்டவில்லை. அடுத்த தலைமுறை பிறக்கவில்லை, அவ்வளவுதான்.

நல்ல செய்தியும் உண்டு. ஹார்மோன் கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் மீன்கள் மறுபடி பெருகின.

எந்த மீன் இல்லை என்று பாருங்கள்

செத்து மிதக்கும் மீன் செய்தியாகிறது. காணாமல் போகும் மீன் செய்தியாவதில்லை. ஆற்றின் உடல்நிலையைத் தெரிந்துகொள்ள, சந்தையில் என்ன மீன் இருக்கிறது என்பதைவிட, என்ன இல்லை என்று பார்க்க வேண்டும்.

ஓடும் தெளிந்த நீரையும் மணலையும் நம்பி வாழும் மீன்கள் சுத்தம் கெட்டால் முதலில் விலகும். மணலே இல்லாத ஆற்றில் மணலுக்குள் வாழும் மீன் எப்படி இருக்கும்? விரால் வேறு ரகம். மேலே வந்து காற்றையே நேரடியாகக் குடிக்கத் தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மோசமான தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். ஒரு காலத்தில் வலையில் பத்துப் பதினைந்து வகை விழுந்த இடத்தில் இன்று ஜிலேபி மட்டுமே விழுகிறது என்றால், 'மீன் நிறைய கிடைக்கிறது' என்று மகிழ முடியாது. நல்ல மாணவர்கள் எல்லாம் டி.சி. வாங்கிப் போய்விட்ட பள்ளிக்கூடம் அது. எல்லாப் பழியையும் அழுக்குத் தண்ணீர்மேல் போடவும் முடியாது. அணைகள், மணல் அள்ளுவது, வந்தேறி மீன்கள் எல்லாமே சேர்ந்துதான் அந்த நிலைமை. ஆனால் தண்ணீர் கெட்டுப்போனால், மற்ற அடிகளிலிருந்து எழுந்திருக்கும் தெம்பு மீனுக்கு இல்லாமல் போகிறது.

நோய் எதிர்ப்புச் சக்தியும் அப்படித்தான். 1980-களின் பிற்பகுதியில் ஒரு புண் நோய் இந்திய நீர்நிலைகளுக்குள் புகுந்தது. விரால், கெண்டை எல்லாம் சிவந்த ஆழமான புண்களோடு வலையில் வந்தன. ஜனங்கள் பயந்துபோய் மீன் வாங்குவதையே நிறுத்த, உள்நாட்டு மீனவர்கள் தவித்துப்போனார்கள். பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரின் வேலை அது. அந்த உயிரி மனிதரைத் தொற்றுவதில்லை. ஆனால் மழைக்குப் பின் தண்ணீர் குளிர்ந்து, அதன் தன்மை திடீரென மாறி, மீனின் தோல் பலவீனப்படும்போதுதான் அது உள்ளே நுழைகிறது. கிருமி எப்போதும் வாசலில்தான் நிற்கிறது. கதவைத் திறந்துவிடுவது தண்ணீர்.

அப்படியென்றால் ஆற்று மீன் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். மீனின் புரதமும் நல்ல கொழுப்பும் சாதாரணப்பட்டதல்ல. அதிலும் ஏழை வீட்டுக்குக் கட்டுப்படியாகும் சத்துணவு ஆற்று மீன்தான். பயந்து ஒதுங்கினால் நஷ்டம் பரிசல் ஓட்டி வலை போடுகிறவருக்கும் நமக்கும்தான். கொஞ்சம் கவனம் போதும்.

* எந்த நீர்நிலையில் பிடித்தது என்று கேளுங்கள். சாக்கடையோ ஆலைக்கழிவோ கலக்கும் இடத்தில் பிடித்ததை வாங்காதீர்கள்.

* செவுள் சிவந்து, கண் தெளிவாக இருந்து, அழுத்திய சதை உடனே மேலே வர வேண்டும். சிவந்த புண், பஞ்சு ஒட்டியதுபோன்ற வெள்ளை, செதில் விறைத்து வீங்கிய வயிறு இருந்தால் வேண்டாம்.

* செவுளையும் குடலையும் முழுவதுமாக எடுத்துவிடுங்கள். மைக்ரோபிளாஸ்டிக் துகள்கள் பெரும்பாலும் குடலில்தான் தங்குகின்றன.

* மற்ற மீன்களைத் தின்று வளரும் பெரிய மீன்களின் உடலில் பாதரசம் அதிகம் சேரும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் நடுத்தர அளவு மீன்களை மாற்றி மாற்றிக் கொடுப்பது நல்லது.

* செத்து மிதந்த மீனை, 'இப்பத்தான் செத்தது' என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். கோழிக்கும் நாய்க்கும்கூடப் போடாதீர்கள்.

* மண்வாடை அடித்தால் பயப்பட வேண்டாம். தண்ணீரில் உள்ள ஒருவகைப் பாசியும் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் வாசனை அது. புளிப்பு அதைக் குறைக்கும். ஆற்று மீனுக்குப் புளியைத் தாராளமாகக் கரைத்த நம் பாட்டிகள் சும்மா கரைக்கவில்லை!

மீன் செத்து மிதந்தால் என்ன செய்வது?

முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விடிகாலையா, மழைக்குப் பிறகா, பட்டப்பகலா? தேதி, நேரம் தெரியும்படி படம் எடுங்கள். பெரிய மீன்கள் முதலில் சாகின்றனவா, சின்னதும் பெரியதும் சேர்ந்தே சாகின்றனவா என்று பாருங்கள். ஆக்ஸிஜன் குறைந்தால் பொதுவாகப் பெரியவைதான் முதலில் விழும். வாயைப் பிளந்து மேற்பரப்பில் திணறும். எல்லா அளவு மீன்களும், கூடவே தவளை, நத்தை, நண்டு என எல்லாமே சேர்ந்து சாகின்றன என்றால் விஷம் கலந்திருக்கச் சாத்தியம் அதிகம்.

உடனே தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் மீன்வளத் துறைக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் தகவல் சொல்லுங்கள். ஆற்றில் கழிவைக் கலப்பது 1974-ம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி தவறு. தண்ணீர் மாதிரியை அன்றே, முடிந்தால் மறுநாள் விடிவதற்கு முன்பும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஏன் விடிவதற்கு முன்பு என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

வீட்டிலிருந்தும் செய்ய நிறைய இருக்கிறது. மீதமான மாத்திரையைக் கழிவறையில் போடாதீர்கள். சோப்புத்தூளை அளந்து போடுங்கள். பரிகாரம் முடித்து ஆற்றில் விட்டுவரும் பாலியஸ்டர் துணி கரைந்துவிடுவதில்லை, இழை இழையாகப் பிரிந்து மீனின் வயிற்றுக்குப் போகிறது. பிள்ளையார் களிமண்ணில் இருந்தால் அவருக்கும் நல்லது, ஆற்றுக்கும் நல்லது. ஆனால் இதெல்லாம் சின்னச் சின்ன உதவிகள்தான். ஊர்ச் சாக்கடையைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடும் வரை மீனுக்கு விடிவு இல்லை. உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் 'நம்ம ஊர் சாக்கடை எங்கே போய்ச் சேருது?' என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

முடியாத காரியமா? லண்டனின் தேம்ஸ் ஆற்றை, உயிரியல் ரீதியாகச் செத்துப்போன ஆறு என்று 1957-ல் அறிவித்தார்கள். சாக்கடைச் சுத்திகரிப்பைச் சரிசெய்த பிறகு, ஆக்ஸிஜன் திரும்பியது. 1974-ல் அதில் ஒரு சால்மன் மீன் பிடிபட்டது பெரிய செய்தியானது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மீன் இனங்கள் அங்கே இருக்கின்றன. தேம்ஸில் இன்றும் பிரச்னைகள் இல்லாமல் இல்லை. ஆனால் தண்ணீர் திரும்பினால் மீன் திரும்பும் என்பதற்கு அது சாட்சி.

நம் கிராமங்களில் குடிநீர்க் கிணற்றில் நாலு மீன் விட்டுவைப்பார்கள். கொசுப்புழுவைத் தின்னும் என்பது ஒரு காரணம். காலையில் வாளியை இறக்கும்போது மீன் துள்ளினால் தண்ணீர் நல்ல தண்ணீர் என்ற நம்பிக்கை இன்னொரு காரணம். மீன் சுணங்கிக் கிடந்தால் அன்று அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கமாட்டார்கள்.

கிணறு பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். ஒகேனக்கல்லிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கும், வீராணம் ஏரி வழியாகச் சென்னைக்கும் குழாயில் போவது அதே காவிரி. அந்தப் பெரிய கிணற்றில் மீன்கள் சுணங்க ஆரம்பித்துவிட்டன. நாம் இன்னும் வாளியை இறக்கிக்கொண்டுதான் இருக்கிறோம்.